ஊசி அசையாத இடம்

புன்டா அரெனாஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
எங்கள் வானொலி நிலையத்தின் தகரக் கூரையில்
இரவு பகல் அதன் பேச்சுதான்.
கீழே, என் முழங்கைக்கு எட்டும் தூரத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, கம்ப்ரஸர்.
ஐந்து குமிழ், ஓர் ஊசி,
எவரோ எப்போதோ சிந்திய காபிக் கறை.

வேலைக்கு வந்த வாரம் ஐந்தையும் திருகிப் பார்த்தேன்.
ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை.
பிறகு எல்லாமே கேட்டது. அது இன்னும் மோசம்.

முதல் குமிழ் என் பொறுமை.
எவ்வளவு சத்தம்வரை சும்மா இருப்பேன் என்பது.
மைனஸ் பதினெட்டில் வைத்திருக்கிறேன்.
அதற்குக் கீழே யார் என்ன பேசினாலும்
பெட்டி காதில் போட்டுக்கொள்ளாது.

தாண்டினால் இரண்டாவதன் கணக்கு.
நாலு டெசிபல் ஏறினால் ஒன்றுதான் தருவேன்,
கறாரான கடைக்காரி.
தோரிபியோவிடம் அது செல்லாது.
ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து வர்ணனையில்
அவன் 'கோல்' என்று தொடங்கினால்
அந்த ஓகாரம் மெகல்லன் நீரிணையைக் கடந்து
எதிர்க்கரையில்தான் இறங்கும்.
அவனுக்கென்று எட்டுக்கு ஒன்று.
அதையும் மீறினால் தலைக்கு மேல் வெள்ளம்,
சாண் என்ன, முழம் என்ன,
ஒலிபெருக்கி கிழிந்துவிடும்.

மூன்றாவதைத் தொடக்கத்தில் பூஜ்யத்தில் வைத்தேன்.
வாய் திறந்ததுமே கழுத்தைப் பிடித்தது.
வல்லினமெல்லாம் மெல்லினமாகி
செய்தி வாசித்தவன்
கடன்காரனைக் கண்டவன்போல் பேசினான்.
முப்பது மில்லிநொடி தள்ளிவைத்தேன்.
சொல்லின் முனை உள்ளே வரட்டும்,
வயிற்றை அப்புறம் அமுக்கிக்கொள்ளலாம்.

நாலாவது, விடுவது.
சீக்கிரம் விட்டால் ஒலி நாய்போல் இரைக்கிறது.
தாமதித்தால்
கத்தியவன் போன பிறகு வருகிறவன்
அவனுக்கான தண்டனையை அனுபவிக்கிறான்.
இதை நான் இன்னும் சரியாக வைத்ததில்லை.

அமுக்கியதில் குறைந்ததை ஈடுகட்ட
எல்லாவற்றையும் மேலே தூக்குவது ஐந்தாவது.
எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்.
நாற்காலியின் முனகலை,
கூரையில் அந்தக் காற்றை.
வேறு வழியில்லை. எங்களைக் கேட்பவர்கள்
டீசல் லாரியில் கேட்கிறார்கள்,
செம்மறி மயிர் கத்தரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் கேட்கிறார்கள்.
மெல்லிய சொல் அங்கே பிழைக்காது.

மாலை ஏழு மணிக்குச் சீட்டுகள் வாசிப்போம்.
தொலைபேசி எட்டாத பண்ணைகளுக்கு
ஊரார் எழுதித் தருபவை.
'லா எஸ்கார்ச்சாவில் ஓனோஃப்ரேவுக்கு,
பேட்டரி வாங்கியாயிற்று.'
'சமையல்காரி உர்சுலினாவுக்கு,
பல் வைத்தியர் செவ்வாய்க்கிழமை வரச்சொன்னார்.'
ஊசி வழக்கம்போல் தலையாட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த சீட்டைத் தோரிபியோ
முதலில் மனசுக்குள் படித்தான்.
'ஓனோஃப்ரேவுக்கே இன்னொன்று, அக்கா எழுதியது.
வெள்ளிக்கிழமைப் படகில் வா.
அவசரமில்லை.'

இங்கே ஒரு சீட்டில் அவசரமில்லை என்று இருந்தால்
என்ன நடந்து முடிந்தது என்று
குழந்தைக்கும் தெரியும்.

அத்தனை கோல் கத்திய தொண்டை
அந்தச் சொல்லை
முட்டையை மேசையில் வைப்பதுபோல் வைத்தது.
ஊசி பூஜ்யத்தில் நின்றது.
மைனஸ் பதினெட்டுக்கு எவ்வளவோ கீழே,
பெட்டிக்கு அங்கே வேலையே இல்லை,
அது சத்தத்தை மட்டும்தான் எடைபோடும்.
ஐந்தாம் குமிழோ தூக்கிக்கொண்டேயிருந்தது,
அவன் எச்சில் விழுங்கியதை,
சீட்டை மடித்ததை,
மூக்கு வழியே இழுத்த ஒரு மூச்சை.

என் கை குமிழுக்குப் போனது.
குறைத்திருக்கலாம்.
போன கை அங்கேயே இருந்தது.

ஒன்பது மணிக்கு ஒரு லாரிக்காரர் கூப்பிட்டார்.
பெயர் காசியானோ, எல்லைச்சாவடி வரிசையில் நிற்கிறாராம்.
"உங்கள் நிலையத்தில் ஏதோ கோளாறு.
ஏழேகாலுக்கு என் வண்டிக்குள்
என்னைத் தவிர இன்னொருவர் மூச்சு விட்டார்."

சரிபார்க்கிறேன் என்றேன்.
பிறகு வெள்ளைப் பென்சிலை எடுத்து
ஐந்தாம் குமிழ் நின்ற இடத்தில்
ஒரு கோடு போட்டேன்,
காபிக் கறைக்குச் சற்று மேலே.